பூட்டின பிறகும் ஓடுமா?

“ஷோரூமுக்கு யாராவது டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வருவாங்களா? மானம் போகுதுங்க.”

இதையே மூன்றாவது ஷோரூம் வாசலிலும் சொன்னேன். என் வீட்டுக்காரர் காதிலேயே வாங்கவில்லை. ரிட்டயர்டு பௌதிக வாத்தியார். குழந்தையைப் போல ஃபேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எலெக்ட்ரிக் கார் வாங்குவது என்று முடிவானதிலிருந்து இந்தக் கூத்து. முதல் ஷோரூமில் ஒரு சிவப்புக் கார். கூரை முழுக்கக் கண்ணாடி, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத சீட்டு. நான் மனசுக்குள் அதில் ஏறி, என் அக்கா வீட்டு வாசலில் இறங்கியே விட்டேன்.

இவர் சேல்ஸ்மேனிடம் மைலேஜ் கேட்கவில்லை, கலர் கேட்கவில்லை.

“இதுலேர்ந்து வெளிய கரண்ட் எடுக்கலாமா?”

“தாராளமா சார். பிக்னிக் போனா காபியே போட்டுக்கலாம்.”

“காரைப் பூட்டின பிறகும் ஓடுமா?”

சேல்ஸ்மேன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இவர் ஃபேனைச் சொருகி, காரைப் பூட்டி, வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தாவது நிமிஷம் ஃபேன் நின்றது.

“வேணாம்.”

இரண்டாவது ஷோரூம் கார் நாற்பது நிமிஷம் தாங்கியது. அதுவும் வேண்டாமாம்.

மூன்றாவதில் இருந்தது சாம்பல் நிறம், சக்கரம் வைத்த பீரோ. இரண்டரை மணி நேரம் ஃபேன் நிற்கவில்லை. இரண்டு தடவை காபி கொடுத்தார்கள். அப்புறம் எங்கள் பக்கம் யாரும் வரவேயில்லை.

“இதுதான்” என்றார் இவர்.

“ஏங்க, காருக்குள்ள நாம போகப் போறோமா, ஃபேன் போகப் போகுதா?”

“நம்பகமா இருக்கணும்ல.”

“எல்லாரும் ஓடுறதுல நம்பகம் பார்ப்பாங்க. நீங்க நிக்கிறதுல பாக்குறீங்க.”

“ஆமா” என்றார். அவ்வளவுதான்.

வாங்கின பிறகும் அதே லட்சணம். சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். ஒருநாள் கடைவீதிக்குக் கூட்டிப்போனவர், வழியிலேயே பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, “திரும்ப வர்றப்ப பஸ்ல வந்துடு, சார்ஜ் குறையுது” என்றார். கார் வைத்திருப்பவன் பெண்டாட்டி பஸ்ஸில் காய்கறிப் பையோடு தொங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கம் ஏதோ கேபிள் வேலையாம், வாரத்துக்கு ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அன்றைக்கெல்லாம் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். போன வாரம் அக்கா ஊரில் இல்லை. பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. வீட்டில் இவரைக் காணோம்.

வாசலுக்கு வந்தேன். கார் பூட்டியிருந்தது. அதிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற ஒயர் கிளம்பி, காம்பவுண்டுச் சுவரில் ஏறி, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போயிருந்தது.

பக்கத்து வீட்டோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒயர் பிடித்து இழுத்த மாதிரி அதன் பின்னாலேயே போனேன்.

உள்ளே கட்டிலில் அந்த வீட்டுக்காரர். வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறார் என்று நானாக நினைத்திருந்தேன். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் ஒரு சின்னப் பெட்டி, பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு என் வீட்டுக்காரர், கையில் வாட்ச்.

தெருவில் ஒரு ஃபேன் சுற்றவில்லை, ஒரு மோட்டார் ஓடவில்லை. அந்த மனுஷனின் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே, ஓர் அடி நகராமல் நின்றுகொண்டு, அந்தப் பீரோ அவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. கை கூப்பத் தோன்றியது. எதைப் பார்த்துக் கூப்புவது என்றுதான் தெரியவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் மனைவி எழுந்து எனக்கு நாற்காலி போட்டாள்.

“வாங்கக்கா. இது அஞ்சாவது தடவை. உங்ககிட்ட சொல்லியிருப்பாரே.”

நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

“இன்வர்ட்டர் ஒரு மணி நேரம்தான்க்கா தாங்குது. முன்னாடி ஜெனரேட்டர் வெச்சிருந்தோம், கவலையில்ல. யாரோ சத்தம் தாங்கலைன்னு முனிசிபாலிட்டி ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. வந்து எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“யாராம்?” என் குரல்தான்.

“பேர் போடலக்கா. நாலு பக்கம். ஆபீஸ்ல காட்டினாங்க. ஆனா கையெழுத்து இருக்கே, முத்து முத்தா. கான்வென்ட்ல படிச்சவங்க யாரோதான்.”

என் வீட்டுக்காரர் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த நாலு பக்கத்தையும் உட்கார்ந்து எழுதியது நான். கவரை ஒட்டி, “வர்ற வழியில தபால்ல போட்டுடுங்க” என்று இவர் கையில்தான் கொடுத்தேன். எழுதினது யாரென்று இவர் அவளிடம் சொல்லவில்லை. எழுதினது என்ன செய்தது என்று என்னிடமும் சொல்லவில்லை. ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியிருக்கிறார், நான் திட்டத் திட்ட.

அவள் காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

“அடுத்த தடவை கரண்ட் போனா, ஒயரை நான் கொண்டு வந்து சொருகறேனே” என்றேன், இவரைப் பார்த்து.

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. இவர் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நான் சொருகட்டுமா?”