விண்கலத்தின் கதவு

மாலை வெயில் டிவி திரையில் பாதியை வெளுக்கச் செய்ய, மீதிப் பாதியில் விண்வெளி வீரன் கலத்தின் கதவருகே நிற்கிறான். தம்பி பலமுறை பார்த்த பழைய படத்தை வைத்து யாரோ மலிவாகச் செய்துவிட்ட வீடியோ விளையாட்டு இது. வீரனின் கால்கள் கணுக்கால்வரை தரைக்குள் புதைந்திருக்கின்றன. "படத்துல இவன் எவ்வளவு கம்பீரமா இருப்பான் தெரியுமாக்கா? இங்க பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நிக்கிறான்." "நீ மட்டும் என்ன, கம்பீரமாவா உட்கார்ந்திருக்க? அமுக்குடா." லேத் பட்டறையில் நரம்பு அறுந்து, தைத்துக் கட்டுப் பிரித்த அவனது வலது கட்டைவிரல் கன்ட்ரோலரின் பொத்தான்மேல் கிடக்கிறது, கிடக்கிறதே தவிர, அமுக்கவில்லை. உதவிக்கு வந்துவிடாதபடி இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறான். விரல் மடங்காவிட்டால் பட்டறைக்குத் திரும்ப முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அக்கா திரையைப் பார்ப்பதுபோல் விரலையே பார்க்கிறாள். மேலுதட்டில் வியர்வை அரும்ப, தழும்பு வெளுத்து, விரல் மெல்ல வளைகிறது. டொக். கதவு கரகரவென்று விலகுகிறது. அதற்கப்பால் நட்சத்திரம் இல்லை, கோள் இல்லை. செய்தவர்கள் வரையாமல் விட்ட வெறும் சாம்பல் நிறம். "அட, ஒண்ணுமே இல்லையேக்கா!" என்று சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. "எங்க, மூடிட்டு இன்னொரு தடவை திற."