ஏழாம் எண்ணுக்கு நேரே

தாளைச் சுவரில் ஒட்டும்போதே அவள் பார்த்துவிட்டாள்.

கூடைப்பந்து ஆட்டத்தின் முதல் பாதிக் கணக்கு. உடை மாற்றும் அறையில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

ஏழாம் எண், கேப்டன். புள்ளி எட்டு. அசிஸ்ட் ஆறு. பறிகொடுத்த பந்து, பூஜ்யம்.

ஏழாம் எண் அவள்தான்.

இரண்டு வரி கீழே பதினான்காம் எண், ஜெனிலா. இந்த வருடம்தான் அணிக்கு வந்தவள். புள்ளி நான்கு. பறிகொடுத்த பந்து, ஐந்து.

அந்த ஐந்தில் மூன்று ஜெனிலாவுடையவை அல்ல.

அது ஏழாம் எண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாஸை அரை நொடி முந்திப் போட்டால் போதும். வாங்குகிறவள் திரும்பி முடிப்பதற்குள் பந்து வந்துவிடும். உயரம் சரியாக இருக்கும், வேகம் சரியாக இருக்கும். கணக்கு மேசையிலிருந்து பார்த்தால் அருமையான பாஸ். பிடிக்கத் தெரியாதவள் விட்டுவிட்டாள், அவ்வளவுதான். மேசைக்காரர்கள் பாவம், கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் ஏற்றுவார்கள்.

இப்படிக் கெடுப்பதற்கும் பல வருட அனுபவம் வேண்டும்.

முதல் தடவை தெரியாமல்தான் நடந்தது.

மற்ற இரண்டும் அப்படியல்ல.

கொஞ்ச நாளாகப் பயிற்சியில் பந்தைத் தட்டி எதிரணிப் பக்கம் கொண்டுபோகும் வேலையை ஜெனிலாவிடம் கொடுத்துப் பார்க்கிறார் கோச். அது இத்தனை நாளும் கேப்டனின் வேலை. "நீ கொஞ்சம் உக்காரும்மா" என்றார் அவளிடம். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு உறைத்தது.

இப்போது அதே கோச் தாளைத் தட்டினார்.

"இங்க பாரு ஜெனிலா. கேப்டன் ஒரு பந்தாச்சும் விட்டாளா? நீ அஞ்சு விட்டிருக்க. அடுத்த பாதி பெஞ்சுல உக்காரு. மதுரை ஆட்டத்துக்கும் நீ வர வேணாம். நாளைக்கு ஊருக்கு பஸ் ஏறு."

ஜெனிலா தலையாட்டினாள்.

அழுதிருந்தால் தேவலை. ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தாலும் தேவலை.

கேப்டன் குனிந்து தன் ஷூ கயிற்றைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

கோச் வெளியே போனார். மற்றவர்கள் தண்ணீர் குடித்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

ஜெனிலா. கையில் வெள்ளை டேப் சுருள்.

"அக்கா, விரலுக்கு டேப் சுத்தி விடுங்கக்கா. கை வழுக்குது போல."

"பெஞ்சுலதானே உக்காரப் போற?"

"ஒருவேளை கூப்பிட்டாங்கன்னா?"

இரண்டு கைகளையும் நீட்டினாள். நகம் ஒட்ட வெட்டிய, பளிச்சென்ற விரல்கள். வலது சுண்டுவிரல் மட்டும் சிவந்து வீங்கியிருந்தது.

மூன்றாவது பந்து பட்ட இடம்.

அவள் சுற்றத் தொடங்கினாள். ஒன்றும் ஆகாத விரல்களுக்கும் சேர்த்துச் சுற்றினாள். சுண்டுவிரலுக்கு வந்தபோது ஜெனிலா மூச்சை இழுத்துப் பிடித்தாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"உங்க பாஸ் நல்லாத்தான்க்கா வந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்கம் காது மடல்வரை சுட்டது. சொல்லிவிடலாம். அறையில் ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். வார்த்தை வாய்வரை வந்தது.

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஜெனிலா விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

"இப்ப விட மாட்டேன்" என்று சிரித்தாள்.

விசில் கேட்டது.

இரண்டாம் பாதி. சமமான புள்ளிகள். பந்து அவள் கையில்.

அவள் பந்தைத் தட்டிக்கொண்டே தங்கள் பெஞ்சு இருந்த ஓரத்துக்கு வந்தாள். நடுவில் அவள் அணிக்காரி ஒருத்தி தடுக்க ஆளில்லாமல் நின்று கை காட்டினாள். கோச் கோட்டோரம் நின்று, "உள்ள போடு, உள்ள போடு" என்றார்.

பெஞ்சின் கடைசியில் ஜெனிலா. குனிந்து டேப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

அவள் பந்தோடு அப்படியே நின்றாள்.

எதிரணிக்காரி பாய்ந்து வந்தாள். கூட்டம் கத்தியது. அவள் அசையவில்லை.

சத்தம் கேட்டு ஜெனிலா நிமிரும்வரை காத்திருந்தாள். கண்ணும் கண்ணும் சந்திக்கும்வரை. அந்தக் கைகள் தாமாக மேலே எழும்வரை.

பிறகு போட்டாள்.

பந்து கோட்டைத் தாண்டி, கோச்சைத் தாண்டி, நேரே நெஞ்சு உயரத்துக்குப் போனது.

ஜெனிலா உட்கார்ந்தபடியே பிடித்தாள். இரண்டு கையாலும், நழுவவிடாமல்.

விசில்.

கூட்டத்தில் சிரிப்பு. கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். "கண்ணு தெரியலையா உனக்கு? யாருக்குப் போடுற?"

பெஞ்சை ஒட்டித்தான் கணக்கு மேசை. அங்கே ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர். பறிகொடுத்தது ஒண்ணு."

அவள் திரும்பி ஓடவில்லை. மேசை முன்னால் போய் நின்றாள். பள்ளியில் ஆடிய நாட்களில் ஃபவுல் செய்தவர்கள் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை.

அவள் கையை உயர்த்தினாள்.

"ஒண்ணு இல்ல சார். நாலு."

மேசையில் இருந்தவருக்குப் புரியவில்லை. கோச்சுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெல்லத் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்.

நடுவர் பந்துக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஜெனிலா கொடுக்கவில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு தன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.