இரண்டாம் பிடி

நேசபாய், உலை கொதித்ததும் அரிசியை இட்டுவிடுகிறவள் அல்லள். முதலில் சுளகிலிருந்து பிடியரிசி அள்ளிக் கலயத்தில் போடுவாள், "ஸ்தோத்திரம்" என்பாள். அதன் பிறகே அரிசி உலைக்குப் போகும்.

பிடியரிசி எடுத்துவைப்பது அந்தச் சபைப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கந்தான். முந்தின நாள் தம் வீட்டில் பசியாறிய ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பிடி. ஊரில் இல்லாதவருக்குப் போடுவதில்லை. சேர்ந்ததை ஞாயிறன்று ஆலயத்தில் கொண்டு கொட்டுவார்கள்.

நேசபாய் அத்துடன் நிற்கவும் மாட்டாள். கிணற்றுக் கயிறு அறாததற்கும், கோழி அந்தியில் கூடு திரும்பியதற்கும், தீப்பெட்டியில் ஒரு குச்சி மிஞ்சியிருந்ததற்கும் வாய்க்குள்ளேயே நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள்.

புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு நாள்கள் கழிந்த அந்தக் காலையில், நன்றி சொல்ல அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பி ஞானையன் உயிரோடிருந்தான்.

தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று கேட்டுப் போன ஊர்வலத்தில் கொடி பிடித்தவன் அவன். கொடி பிடித்தவர்களைப் போலீசார் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுக்களைக்கு நேர் மேலே, பலகை மச்சில், தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் அவன் குப்புறக் கிடந்தான். மச்சுக்கு ஏறும் ஏணியை நேசபாய் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் வைத்திருந்தாள்.

அந்த விறகில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசற்கதவு உதைபட்டுத் திறந்தது.

ஏட்டு ஒருவர், இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவன்.

"தம்பி எங்கட்டி?"

"ஊர்வலத்துக்குப் போனவன் திரும்பி வரல்லெ ஏமானே. நான் ஒருத்திதான் இருக்கேன்."

"உலையிலெ போட்டு மூடி வச்சிருக்கியா?" ஏட்டு தம் பகடிக்குத் தாமே சிரித்தார். "பொங்குட்டி, பொங்கு. வேலெயெ நிறுத்தாண்டாம்."

அவர் அறைக்குள் புகுந்து பெட்டியைக் கவிழ்க்கும் ஓசை கேட்டது. கான்ஸ்டபிள் அடுக்களை வாசலில் காவல் நின்றான்.

அடுப்புப் புகை பலகை இடுக்குகளை நோக்கி எழுந்துகொண்டிருந்தது. மேலே இருமல் கேளாத ஒவ்வொரு நொடிக்கும் அவள் நன்றி சொன்னாள். இதற்கு ஸ்தோத்திரம். இதற்கும் ஸ்தோத்திரம். மனம் முழுவதும் மச்சில் இருக்க, கைகள் மட்டும் இருபது ஆண்டுப் பழக்கத்தில் சுளகுக்கும் கலயத்துக்கும் போய் வந்தன.

ஒரு பிடி விழுந்தது.

மறுபிடியும் விழுந்தது.

விழுந்த பிறகே தான் செய்ததை அவள் கண்டாள். நிமிர்ந்தாள். கான்ஸ்டபிளின் பார்வை கலயத்தின்மேல் இருந்தது.

வேற்றூர்ப் போலீசாக இருந்தால் அரிசியைத்தான் கண்டிருப்பான். இவன் உதடு அசைந்ததைப் பார்த்தால், எண்ணியிருக்கிறான்.

ஓரடி உள்ளே வந்தான்.

"ரெண்டாவது பிடி ஆருக்கு அக்கா?"

நேசபாயின் கண்கள் தாமாகவே மச்சை நோக்கிப் போகத் துடித்தன. அவற்றைத் தரையிலேயே அழுத்தி வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஏட்டு எதையோ போட்டு உடைத்தார்.

கான்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தினான். "சாயங்காலம் ஏணி கொண்டுவந்து மச்செ பாக்கணும்னு இன்ஸ்பெக்டரு சொல்லியாச்சு."

பிறகு அறைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "எங்கம்மையும் நாலு நாளா மூணு பிடி போடுகா. வீட்டிலெ நாங்க ரெண்டு பேருதான். ஆலயத்துக்குக் கிழக்கெ, ஓடைக்கரையிலெ, ராகேல் வீடுன்னு கேட்டா காட்டுவாவ. போலீசுகாரன் வீட்டெ ஆரும் சோதிக்கமாட்டாவ."

"ஏலே ஜெயசிங், அங்க என்னலே பேச்சு?"

ஏட்டு வந்து நின்றார். நேசபாய் அடுப்புத் திட்டைப் பற்றிக்கொண்டாள். அவன் வாயிலிருந்து இனி வரும் சொல் ஒன்றில் தம்பியின் உயிர் தொங்கியது.

"அரிசி எவ்வளவு கெடக்குன்னு பாத்தேன் ஏட்டையா. ஒருத்திக்குள்ளதுதான்."

ஏட்டு சுளகை எட்டிப் பார்த்தார். மச்சையும் அண்ணாந்து பார்த்தார். பின்பு காறித் துப்பிவிட்டு இறங்கிப் போனார். கான்ஸ்டபிள் திரும்பிப் பாராமல் அவர் பின்னே சென்றான்.

பூட்ஸ் ஓசை ஒற்றையடிப் பாதையில் தேய்ந்து மறைந்தது. அதற்கு நன்றி சொல்ல வாயெடுத்தவளுக்கு அது வரவில்லை.

கொடி பிடித்தவனை மச்சிலிருந்து வெளியே இழுக்கும் தந்திரமாகவும் இது இருக்கலாம். ஓடைக்கரையில் நாலு பேர் தடியோடு காத்திருக்கலாம். காக்கிச் சட்டை போட்டவனின் சொல்லை நம்பித் தம்பியைத் தெருவில் இறக்குவதா?

ஆனால் சாயங்காலம் ஏணி வரும், அது நிச்சயம்.

தன் வீட்டில் ஒளிந்திருக்கும் அந்த மூன்றாம் வாயை அவன் எதற்காக அவளிடம் சொன்னான்? அவள் போய் ஏட்டிடம் ஒரு சொல் சொன்னால் அவன் தாயின் கதி என்னவாகும்? அவளுடைய ரகசியம் அவன் கையில் இருப்பதுபோலவே அவனுடையதும் இப்போது அவள் கையில் இருந்தது.

மேலேயிருந்து, அடக்கி அடக்கி வைத்த இருமல் ஒன்று கடைசியில் வெடித்தது.

உச்சிப்பொழுதுக்குள் தம்பியை ராகேல் வீட்டில் கொண்டு சேர்ப்பதென்று நேசபாய் முடிவு செய்தாள்.