உப்புத் தண்ணீரின் மகிமை

“வெறும் உப்புத் தண்ணி வேலை செய்யுதுன்னு சொல்றியா?” இயக்குநர் ரிப்போர்ட்டை மேஜையில் விசிறினார்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவள் அதை எடுத்துப் புரட்டினாள். எலிகளின் இடது கண்ணில் புது மருந்தும் வலது கண்ணில் உப்புத் தண்ணீரும் விட்டு, இருட்டறையில் வைத்திருந்தாள். மருந்து விழித்திரையின் மரபணுக்களை உசுப்புகிறதா என்பதுதான் சோதனை. இரண்டு கண்ணிலுமே அவை ஒரே மாதிரி துள்ளியிருந்தன.

“ரெண்டு கண்ணுலயும் மருந்தையே ஊத்தித் தொலைச்சிட்டே. ஒத்துக்கோ. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே.”

“சத்தியமா இல்ல சார். எங்கேயோ வெளிச்சம் பட்டிருக்கு. இருட்டுல இருக்கிற கண்ணுல வெளிச்சம் பட்டா, மருந்தே இல்லாம ஜீனெல்லாம் ஆட்டம் போடும்.”

“வெளிச்சமா? என் இருட்டறையிலயா?”

அது அவரே பக்கத்தில் நின்று கட்டிய அறை. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். அந்த அறையைச் சொன்னால் முகம் சிவந்துவிடும்.

“கதவிடுக்குல ஓட்டை ஏதாவது இருக்கலாம் சார்...”

“ஊசி முனை அளவு ஓட்டை கிடையாது! நீ எலிகளை உள்ளே வச்ச அன்னிக்கே என் மாமனாரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவரும் உன்னை மாதிரிதான், எதையும் நம்ப மாட்டாரு. ஒரு மூலை விடாம ரெண்டு பேரும் தேடினோம்.”

“அந்த இருட்டுலயா சார் தேடினீங்க?”

“அறிவிருக்கா உனக்கு? இருட்டுல ஓட்டை எப்படிம்மா தெரியும்? நாலு ட்யூப்லைட்டையும் போட்டுத்தான் தேடினோம்!”