பிளைவுட் மேல் ஒரு ஸ்டேஷன்

பெண் பார்க்க வந்த இடத்தில் கை கழுவப் போன மாப்பிள்ளையின் அப்பா திருமேனி, தவறுதலாகப் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பிளைவுட் பலகை மேல் வளைந்து போகும் தண்டவாளம், பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளில் புல்வெளி, தீக்குச்சிகளால் கட்டிய ஸ்டேஷன், அங்கே ஒரு சின்ன நீல ரயில். எல்லாம் பெண்ணின் அப்பா அருணகிரி ஆபீஸ் விட்டு வந்து தன் கையால் செய்தவை. அவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே மகள் தேன்மொழியும் வந்தாள்.

"யாருதுங்க இது?" என்றார் திருமேனி.

அருணகிரிக்கு முகம் சுட்டது. "மாடி வீட்டுக் குழந்தைங்களோடது. இடமில்லைன்னு இங்க வெச்சிருக்காங்க."

திருமேனி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டு, ரயிலின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். சிக்னல் கம்பத்தை விரல் நுனியால் தொட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒரே ஒரு ரவுண்டு விட்டுப் பாக்கலாமா? எனக்கு இதுமேல ரொம்ப ஆசைங்க. வீட்ல சொன்னா சிரிப்பாங்க."

அருணகிரியின் கைக்குப் பக்கத்தில்தான் சுவிட்ச் இருந்தது. சொன்ன பொய்யை மகளின் எதிரில் எப்படித் திரும்ப எடுப்பது?

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

திருமேனி அவசரமாக எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சும்மாதான் கேட்டேன். இந்த வயசுல நமக்கென்ன..." என்றவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கேசரி வந்தது. தேன்மொழியை மட்டும் காணவில்லை. பின்னறையில் ரயில் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. திருமேனி தட்டைக் கீழே வைத்தார். அருணகிரி தலை நிமிரவில்லை.