தையல்காரரின் இடப்பக்கம்

கணினித் திரையில் தையல்காரரின் ஈரல் சாம்பல் நிறத்தில் விரிந்திருக்கிறது. அதில் அங்கங்கே கரும்புள்ளிகள். "கண்ணுல இருந்த கட்டிதான் இங்க பரவியிருக்கு" என்கிறார் டாக்டர். "கண்ணையே எடுத்தாச்சே டாக்டர்?" என்று தையல்காரர் கேட்கும்போதும் அவருடைய இடது பக்கத்துச் செயற்கைக் கண் அசையாமல் இருக்கிறது. "அதுக்கு முன்னாடியே ரத்தத்துல கிளம்பிப் போயிருக்கும். தொடை வழியா குழாய் விட்டு ஈரலுக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்." "அப்போ ஒட்டுத்துணி வெச்சுத் தைக்கப் போறீங்க" என்று சிரிக்கிறார் தையல்காரர். எங்கே போனாலும் அவர் கண்ணில் படும்படி வலப்பக்கமே உட்காரும் மனைவி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறாள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்தவள், அவர் பார்வை எட்டாத இடப்பக்க நாற்காலியில் வந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுகிறாள். அவரோ வலது கண்ணைப் புறங்கையால் ஒற்றிக்கொண்டு, மருந்துக்கு எப்போது வரவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இடது கண்ணைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பொய்க்கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் கன்னத்தில் நிற்கிறது. துடைக்கப் போன அவள் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. தொட்டால் திரும்பிப் பார்த்துவிடுவார்.