மூன்றாவது ஊசிக்குப் பிறகு

வெல்டிங் தேர்வில் ஜெசிந்தா இரண்டு முறை பாதியிலேயே எழுந்து போயிருந்தாள். முகமூடிக்குள் அந்த வெளிச்சத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும், இடது கண்ணுக்குப் பின்னால் ஒற்றைத் தலைவலி கிளம்பிவிடும். வாந்தி எடுத்துவிட்டு இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். மேற்பார்வையாளர் தங்கையா அவளை ஸ்டோர் வேலைக்கு மாற்றிவிட்டார். அங்கே இரண்டு வருடம் போன பிறகுதான் டாக்டர், தலைவலி வராமல் தடுக்க மாதம் ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்தார். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஊசியை எடுத்து, குளிர்ச்சி போகும்வரை வெளியே வைத்திருந்து, தொடையில் தானே அழுத்திக்கொண்டாள். கதவோரம் நின்ற மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "வலிக்குதா புள்ள?" என்று கேட்டார். "இதெல்லாம் ஒரு வலியா அத்தை!" என்று சிரித்தாள் ஜெசிந்தா. மாதத்துக்கு ஏழெட்டு முறை வந்த தலைவலி முதலில் நான்காகக் குறைந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு அந்த மாதம் முழுக்க வரவே இல்லை. தானாகவே போய் மறுபடியும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். தேர்வு அன்று குழாயைச் சுற்றி ஒரு மணி நேரம் பொறி பறந்தது. வந்துவிடுமோ, வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே பற்றவைத்தவள், முடிக்கும்போது பயப்படவும் மறந்திருந்தாள். தங்கையா குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "ஊசிமுனை ஓட்டைகூட இல்லம்மா. பாஸ். போ, போய் ரெஸ்ட் எடு." "ரெண்டு வருஷமா அதைத்தான சார் எடுத்தேன்? அடுத்த குழாயை வைக்கச் சொல்லுங்க" என்றபடி அவள் முகமூடியை இறக்கினாள்.